டிரெசர் வண்டிதான்

குழுவில் எல்லாரும் எழுதிவிட்டீர்கள். மோட்டார் ஓட்டப் பழகியது எப்படி, இதுவரை வைத்திருந்த வண்டிகள் என்னென்ன என்று ஆளுக்கு ஒரு பக்கம். நான் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் புரை என்றேன். கைப்பேசியில் தமிழ் தட்ட வரவில்லை என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றுக்கொடுத்தவன் சொல்கிற சாக்கா இது என்று சிம்பாங் பூலாய் கடையில் தே தாரிக் கிளாசை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. சந்தேகம் சரிதான்.

உங்கள் பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். பாதியை நம்பவில்லை. ஆர்எக்ஸ்இசட் மோட்டாரில் ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்குப் பழைய ரோட்டில் இருபது நிமிடத்தில் போனவர் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை. அவருக்கே தெரியும். பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்கு வரும் வியாதி இது. எதைப் படித்தாலும் எங்கே பொய், எங்கே விட்டுப்போன வரி என்றுதான் கண் தேடும். என்னுடைய கதையிலும் விட்டுப்போன வரி ஒன்று இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் முதல் வண்டி, முதல் வேலைக்குப் போனபோது வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் என்று உங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது உண்மை. ஆனால் நான் மோட்டாருக்குள் வந்தது அதற்கு வெகு முன்னால், ஒன்பது வயதில், காது வழியாக.

அப்பா தோட்டத்து ஜாகா, காவல்காரர். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் செம்மண் சாலையின் வாயில் தகரக் கூரை போட்ட ஒரு காவல் கொட்டகை. குறுக்கே மூங்கில் தடுப்பு. அதன் ஒரு முனையில் கனத்துக்காகக் கட்டிய இரும்புத் துண்டு. வருகிற வண்டி யாருடையது என்று தெரிந்து, அது நிற்கவேண்டிய அவசியம் இல்லாமல் மூங்கிலைத் தூக்குவதுதான் நல்ல ஜாகாவுக்கு அடையாளம். சின்னத் துரையின் வண்டி தடுப்புக்கு முன்னால் நின்று ஹாரன் அடிக்க நேர்ந்தால், அன்றைக்கு ஆபீசில் அப்பாவுக்குத் திட்டு.

பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். சாயங்காலம் வரை அங்கேயேதான் இருப்பேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "யாரு வண்டிடா?" என்பார். வளைவுக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும். நான் சொல்வேன். அப்பா கை கழுவாமலே எழுந்து மூங்கிலைத் தூக்குவார்.

அப்போது தோட்டத்தில் இருந்தவை நாலு மோட்டார்கள்தான். சின்னத் துரையின் இங்கிலாந்துப் பெரிய வண்டி கல் உடைக்கிற மாதிரி தட்டித் தட்டி வரும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் வண்டியில் சங்கிலி எப்போதும் தளர்ந்திருக்கும். என்ஜினுக்கு முன்னால் அதன் சலசலப்புத்தான் வந்து சேரும். காட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் டூ ஸ்ட்ரோக் சின்னப் பிள்ளை அடம்பிடித்து அழுவது போல ஒரே குரலில் வரும். அது போன பிறகு எரிந்த எண்ணெய் வாசனை கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். அது கலைந்துவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலாவது, டிரெசரின் கப். கிளட்ச் பிடிக்காமல் காலாலேயே கியர் மாற்றும் சின்ன மோட்டார். இப்போது நாம் கப்சாய் என்கிறோமே, அதன் பாட்டன்.

டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவர்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை.

வண்டியைச் சொல்வது பெரிய காரியமில்லை. நாளாக நாளாக, ஓட்டுகிறவரின் கையையும் என்னால் சொல்ல முடிந்தது. கிராணி அவசரக்காரர். முதல் கியரிலேயே வண்டியை அலறவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மண்டோர் கள்ளுக்கடையிலிருந்து வந்தால் இரண்டாவது கியரிலேயே வீடு வரைக்கும். டிரெசர் கியர் மாற்றுவது தெரியவே தெரியாது. தூங்கும் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவது போல இருக்கும். கிராணியின் மகன் ஒரு நாள் அப்பனுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து வந்தபோது, "கிராணி வண்டி, ஆனா கிராணி இல்ல" என்று சொன்னேன். வளைவைத் தாண்டி மகன் வந்தான். மண்டோர் அப்போது கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பய காத அறுத்து ஆபீஸ் வாசல்ல மாட்டிட்டா ஜாகாவே வேணாம்லா," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மண்டோரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் எழுந்து போனதும், "என்னப் பத்தி என்னடா சொன்னான்?" என்று என்னிடம் கேட்டார்.

அது விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். அப்பா ஜாகாவாவதற்கு முன்னால் பல வருடம் ரப்பர் ஸ்டோரில் உருளை மிஷின்களுக்கு நடுவில் நின்றவர். அவருடைய காது போய்க்கொண்டிருந்தது. அதை அவர் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஜாகா வேலை போய்விடும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். எனக்கு இது புரிந்தபோது நான் வேலைக்குப் போய்விட்டிருந்தேன். அப்பா உரக்கப் பேசுவார். எங்கள் வீட்டுச் சங்கதி எதுவும் பலகைச் சுவரைத் தாண்டாமல் இருந்ததில்லை. நாங்களும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். கோபக்கார மனிதர், கத்தினால்தான் காதில் வாங்குவார் என்று நினைத்தோம். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று நம்பினார். எல்லார் மீதும் அவருக்குச் சந்தேகம். என் மீது மட்டும் இல்லை. இருக்க முடியாது. என் காதை வைத்துத்தான் அவருடைய வேலையே நடந்தது.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கோலா கங்சாரில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். தோட்டத்தில் அந்த அளவு படித்த பெண் அவள் ஒருத்திதான். ஆனாலும் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில்தான் வேலை செய்தாள். எந்தப் பிள்ளை எடை ஏறவில்லை, எதற்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். டிரெசர் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறார். மூன்று டிவிஷனுக்கும் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வர ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்க ஆபீசில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டிவிஷனுக்கு டிவிஷன் மைல் கணக்கில் தூரம். மோட்டார் ஓட்டத் தெரியவேண்டும், லைசன் இருக்கவேண்டும். பழகிக்கொள், லைசன் எடுத்துவிடு, உன் பெயரை நான் சொல்கிறேன் என்றார் டிரெசர்.

வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. லைசனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்று இருந்திருக்கிறாள்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்கள் அவை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். மரமெல்லாம் சிவந்து, பிறகு மொட்டையாகி, கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. தலைக்கு மேலே வானம் திடீரென்று பெரிதாகிவிடும். இலை இல்லாததால் சத்தமும் வெகுதூரம் வரும். வழக்கமாகக் கேட்காத இடத்திலிருந்தெல்லாம் கேட்கும்.

ஒரு மதியம், பழைய டிவிஷன் பக்கமிருந்து கப் சத்தம் வந்தது. அந்தப் பக்கம் மரங்களை வெட்டி மறுநடவு செய்திருந்தார்கள். ஆள் நடமாட்டம் கிடையாது. ஓடைக்கரைக்கு ஏறும் ஒரு மேடு, அது முடியும் இடத்தில் ஓடைக்கு மேலே பலகைப் பாலம், அவ்வளவுதான். வண்டி கிளம்பியது, இரண்டு முறை இருமியது, செத்தது. மறுபடியும் உதைத்தார்கள். மறுபடியும் செத்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரெசர் வண்டி. ஆனால் டிரெசர் கை இல்லை.

அப்பாவுக்கு அந்தச் சத்தம் எட்டவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு குதி. யாரோ வண்டியைத் திருடிப் பழகுகிறார்கள் என்று நினைத்தேன். டிரெசரின் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து யாரோ எடுக்கிறான். நான் பிடித்துக் கொடுத்தால் டிரெசர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். ஒரு தடவை அவரிடம் கேட்டிருந்தேன். என்னை முன்னால் நிற்கவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, "கால் தரையில படட்டும்டா தம்பி, அப்ப வா," என்று இறக்கிவிட்டார். அந்த ஒரு சுற்றில் பிடிகம்பி வழியாகக் கைக்குள் ஏறிய அதிர்வை நான் பல நாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சருகில் சத்தம் வராமல் நடக்க முடியாது. ஓடையில் இறங்கி, தண்ணீரிலேயே நடந்து பாலத்துக்குப் பக்கத்தில் போனேன்.

மேட்டின் கீழே அக்கா இருந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே செருகி, வண்டியின் மேல், தனியாக. வண்டிக்குப் பின்னால் பிஸ்கட் டின்னை வெட்டி, எல் என்று பெயின்ட்டில் எழுதி, கம்பியால் கட்டியிருந்தது. டிரெசர் பாலத்தின் மறு முனையில், அவளிடமிருந்து வெகுதூரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் பரீட்சைக்குக் காவல் நிற்பவர் போல நின்றுகொண்டிருந்தார். அவள் மேட்டில் ஏறி வந்தாள். பாதி மேட்டில் வண்டி திணறியது. "அவசரப்படாத. ரெண்டாவதுலயே வா," என்றார் டிரெசர். அவள் வந்தாள். பலகைகள் தடதடவென்று அதிர, என் தலைக்கு மேலேயே பாலத்தைக் கடந்து போனாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பொறாமை. மோட்டாரின் சத்தத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் நான். கியர் மாற்றுவதைக் காதாலேயே படித்தவன் நான். அவளுக்கு மோட்டாரில் எது முன், எது பின் என்றுகூடத் தெரியாது. கால் தரையில் பட்டது என்பதால் மட்டும் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகும் தினமும் கேட்டேன். குதி குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பதினைந்து நாளில், மேடு ஏறும் இடத்தைத் தவிர மற்ற இடத்தில் டிரெசருக்கும் அவளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் மூச்சடக்கிக் கேட்கவேண்டியிருந்தது. அவள் நன்றாக ஓட்டுகிறாள் என்பது அந்த உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு வலது காலில் சூடு பட்டது. ஆடுதசையின் உட்பக்கம், நாணய அளவுக்குச் சிவப்பாக. கப்சாய் வைத்திருந்தவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. சைலன்சர் சூடு. பழகுகிற நாளில் தப்பான பக்கம் இறங்குகிறவர்களுக்குப் படுவது. அடுப்புக் கட்டை பட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். லயத்துப் பொதுக்குழாயில் கால் கழுவும்போது அதை அப்பா பார்த்துவிட்டார்.

மறுநாள் கொட்டகையில் அப்பா சோற்றைத் தொடவில்லை.

"ஒங்க அக்கா காலுல இருக்கிறது அடுப்புச் சூடு இல்ல. மோட்டார் சூடு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். தன் காதைப் பற்றி அவர் ஏறக்குறையப் பேசிவிட்டது அந்த ஒரு தடவைதான். "யாரு வண்டிடா?"

"டிரெசர் வண்டிப்பா."

கேட்டது யார் வண்டி என்று. சொன்னது சரியான பதில். பிறகு பரீட்சைத் தாள்களில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். பதிலில் தப்பு இருக்காது. தெரிந்ததில் பாதியை விட்டிருப்பார்கள்.

அப்பா மூங்கில் தடுப்பைப் போட்டுவிட்டு, வேலை நேரத்திலேயே வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா காட்டு வேலைக்குப் போயிருந்தார். அக்கா அப்போதுதான் ஆயாக் கொட்டகையிலிருந்து வந்து நின்றாள். பக்கத்து வீட்டு அத்தை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் பலகைச் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"யாரு கூட மோட்டார்ல சுத்துற?" என்று அப்பா கேட்டார். வழக்கம்போல உரக்க. பக்கத்து வீட்டில் அம்மிச் சத்தம் நின்றது.

அக்காவுக்கும் அது நின்றது கேட்டிருக்கவேண்டும். அவள் குரலைத் தாழ்த்தினாள். உதடு மட்டும்தான் அசைகிறதோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்த்தினாள். ஆனால் எனக்குக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"டிரெசர் வண்டிதான்ப்பா. ஓட்டுனது நானு. அவரு பாலத்துல நின்னாரு, அவ்வளவுதான். லைசன் எடுக்கத்தான்ப்பா."

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொல்றா?"

வழக்கம்போல நானும் உரக்கச் சொன்னேன். அப்பாவுக்குக் கேட்கவேண்டுமே.

"டிரெசர் வண்டிதானாம்."

அங்கே நிறுத்திக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை, மூச்சு வாங்கிக்கொள்கிறான், மீதியையும் சொல்வான் என்று காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் காத்திருந்த நேரம் மிகவும் கொஞ்சம்தான் இருக்கும். அதற்குள் அப்பாவின் கை அவள் கன்னத்தில் இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டது அப்பாவின் கேள்வியும் என் பதிலும் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு வரிகள் லயம் முழுக்கப் போய்விட்டன. பொறுக்கமாட்டாமல், அம்மா வந்ததும் அக்கா அழுதுகொண்டே முழுதையும் சொன்னாள். அம்மா தலைமுண்டைக்கூட அவிழ்க்கவில்லை. "பொட்டப்புள்ள நீ மோட்டார் ஓட்டுனியா? பொய் சொல்றதுதான் சொல்ற, நம்புற மாதிரி ஒன்னு சொல்லு," என்றார். அம்மா கெட்டவர் இல்லை. பெண் ஒருத்தி மோட்டார் ஓட்டி அவர் பார்த்ததில்லை. ஆணின் பின்னால் உட்கார்ந்து போய்க் கெட்ட பேர் வாங்கிய பெண்ணைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருந்தார். தெரிந்த கதையை நம்பினார்.

டிரெசர் ஒரு நாள் கொட்டகைக்கு வந்தார். அப்பாவிடம் வெகுநேரம், மரியாதையாக, மெதுவான குரலில் பேசினார். படித்த மனிதர், ஒருவர் முகத்துக்கு நேராகக் கத்திப் பேசத் தெரியாது. அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கடைசியில் மெயின் ரோட்டைக் கையால் காட்டினார். அன்று அப்பா என்னிடம் அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு மாதத்துக்குள் டிரெசரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். சாமான் லாரி முன்னால் போக, அவர் கப்பில் பின்னால் வந்தார். அப்பா மூங்கிலைத் தூக்கவில்லை. டிரெசர் இறங்கி, தானே தூக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் வந்து மூங்கிலைப் பழையபடி இறக்கி வைத்துவிட்டுப் போனார். என்னை அவர் பார்க்கவில்லை. மூன்று டிவிஷனுக்கும் போகும் அந்த வேலைக்கு யாரையும் எடுக்கவில்லை.

அக்காவுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். லூமுட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை செய்தவர், தூரத்துச் சொந்தம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், கூரைச் சட்டத்துக்கு இடையில் செருகி வைத்திருந்த அந்த எல் தகரத்தை நான் கண்டெடுத்தேன். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்கலாம். அம்மாவிடம் காட்டியிருக்கலாம். பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு எதற்கு எல் தகரம்? அந்த ஒரு கேள்வி போதும். நான் அதை ஓடையில் எறிந்தேன். தகரம் உடனே மூழ்கவில்லை. பாலத்துக்கு அடியில் கொஞ்ச தூரம் மினுங்கிக்கொண்டே போயிற்று.

அக்கா போன இடத்துக்கு அந்தப் பேச்சும் கூடவே போனது. அவள் கணவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சண்டை வந்த நாளெல்லாம், "போ, ஒன் டிரெசர்கிட்ட போ," என்பாராம். சோற்றில் உப்பு அதிகமானாலும் டிரெசர். பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் டிரெசர். பிள்ளைகள் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள்.

என் வண்டிகளைப் பற்றியும் எழுதவேண்டும் என்றீர்கள். பழைய டூ ஸ்ட்ரோக் நாலு வருடம். பிறகு எழுபது சிசி கப் ஒன்று. அப்புறம் ஈஎக்ஸ்5, பச்சை நிறம், இருபத்திரண்டு வருடம். என் பிள்ளைகள் மூவரையும் பள்ளிக்கு ஏற்றிப் போனது அதில்தான். வாங்கிய புதிதில் அதை எடுத்துக்கொண்டு லூமுட்டுக்குப் போய், "ஏறுக்கா, படகுத் துறை வரைக்கும் ஒரு சுத்து போலாம்," என்றேன். மச்சான் உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அக்கா வண்டியை ஒரு தடவைகூடப் பார்க்காமல், "எனக்கு மோட்டார் ஒத்துக்காதுடா," என்றாள். இப்போது வைத்திருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர். முட்டி வலி என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். முட்டி வலியும் உண்டு.

இத்தனை வருடம் பேசாமல் இருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களில் ஒருவர் எழுதிய பக்கத்தில் இருந்த ஒரு வரிக்காக. எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்தவர். சின்ன வயதில் முதன்முதலாகக் கண்ட மோட்டார்களைப் பற்றி எழுதும்போது, டிரெசரின் கப்பைப் பற்றிச் சொல்லி, பின்சீட்டில் உட்கார்ந்து தோட்டம் சுற்றிய ஆயாக் கொட்டகைப் பெண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை எழுதியிருந்தார். பெயர் இல்லை. பன்னிரண்டு பேர் கீழே சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். அந்தப் பெண் யாரென்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தே எழுதினாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எழுதிய வரி, நான் லயத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்ன வரி. அதை அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஓட்டியது அந்தப் பெண்தான், அவள் பின்சீட்டில் உட்காரவே இல்லை, டிரெசர் பாலத்தில் நின்றார் என்று சேர்த்து எழுதுங்கள்.

அதைப் படித்த மறுநாள் காலையில் லூமுட்டுக்குப் போனேன்.

மச்சான் இறந்து நாலு வருடம் ஆகிறது. அக்கா மகளோடு இருக்கிறாள். வீட்டு முன்வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓடையில் நடந்து போய்ப் பார்த்தது, பொறாமை, அப்பாவிடம் பாதியில் நிறுத்தியது, தகரத்தை எறிந்தது. நான் பேசி முடிக்கும் வரை அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற?" என்றாள். "நான் பக்கத்துலதானே நின்னேன்."

இன்னொரு நெத்திலியை எடுத்துக் கிள்ளினாள்.

"தகரத்த மட்டும்தான் நான் எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்," என்றாள். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "இவகிட்ட சொல்லு."

அக்கா மகள் பக்கத்துப் பள்ளிக்கூடக் கென்டீனில் வேலை செய்கிறாள். தினமும் கப்சாயில்தான் போய் வருகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், திரும்பக் கிளம்புவதற்காக ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவளிடம் இன்னொரு தடவை முழுதையும் சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா, மாமா?"

இல்லை என்றேன்.

"அப்பா இருந்தப்ப ஒரு நாளாச்சும் வந்து சொல்லியிருக்கலாம்ல. இப்ப அப்பாவும் இல்ல, அந்த டிரெசரும் இருக்க மாட்டாரு. இனிமே யாரு வந்து இல்லேன்னு சொல்லப்போறா?" அவள் குரல் உயரவில்லை. "அம்மா மோட்டார் ஓட்டி நான் பார்த்ததே இல்ல மாமா. என் பின்னால உக்காரச் சொன்னாக்கூட டாக்சி கூப்பிடுன்னுவாங்க. நீங்க மனசு நல்லா இருக்கணும்னு சொல்றீங்க. சரி, பரவால்ல."

ஒன்பது வயதில் நான் உரக்கச் சொன்ன ஒரு வரியை மொத்தத் தோட்டமும் நம்பியது. இப்போது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. தகரம் இல்லை. பாலமும் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க இன்று செம்பனை.

அக்கா தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். செருப்பைக் கழற்றி, இடது காலைச் சிமெண்டுத் தரையில் பதித்தாள். வலது கையை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டது போல விரல்களை மூடினாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

மணிக்கட்டு கீழ்நோக்கி மெல்ல உருண்டது. பிறகு தளர்ந்தது. தளர்ந்த மறுநொடியில் இடது காலின் முன்பாதம் தரையை அழுத்தி எழுந்தது. முதல் கியர். மணிக்கட்டு மறுபடி உருண்டது, தளர்ந்தது, பாதம் அழுத்தியது. இரண்டாவது.

அக்கா மகள் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து போனவளுக்கும் ஓட்டுகிறவனின் கால் கண்ணில் பட்டிருக்கும். கால் அழுத்துவதற்குச் சற்று முன்னால் மணிக்கட்டு தளர்ந்து எண்ணெயைக் குறைப்பது ஓட்டிப் பழகிய கைக்குத்தான் வரும். தினமும் ஓட்டுகிறவளுக்கு அது தெரியாதா?

அடுத்த கியர் வரவில்லை. பாதம் தரைக்கு மேலே தயாராக நின்றது. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டுகொண்டே இருந்தது.

அக்கா மகள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மூணாவது போடும்மா," என்றாள். "எதுக்கு இவ்ளோ நேரம் ரெண்டுலயே போற?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"இருடி. மேடு ஏறுது. பாலம் தாண்டட்டும்."